சேனை வைக்கத் தாயில்லாத குட்டிகள்
வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாத இதழில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் கால்நடைச் செவிலியாக வேலை பார்த்த காலத்தில், தாயை இழந்த கோவாலாக் குட்டிகளை நான் வளர்த்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மலேசியாவின் பீடோரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு பத்தியைப் பற்றியவையாக இருந்ததால், இந்த மாதம் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லாரும் ‘கோலா கரடி’ என்றுதான் சொல்கிறோம். அது உண்மையிலேயே கரடியா? அதன் குட்டி எப்படி அநாதை ஆகிறது?
(தமிழ்ப்பள்ளி மாணவி, பீடோர்)

கரடி இல்லையம்மா. முகத்தைப் பார்த்து ஐரோப்பியர் வைத்த பெயர் அது. கோவாலா, கங்காருவைப் போல வயிற்றில் பையுடைய விலங்கு. தாயின் கருப்பையில் குட்டி ஏறக்குறைய 35 நாள்தான் இருக்கும். பிறக்கும்போது இரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒரு கிராமுக்கும் குறைவான எடை, கண்ணும் காதும் திறவாத உடல். அந்த நிலையில் தானே ஊர்ந்து பைக்குள் போய், ஒரு காம்பைக் கவ்விக்கொண்டு ஏறக்குறைய ஆறு மாதம் அங்கேயே வளர்கிறது. பிறகு தாயின் முதுகில் ஏறிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வயது வரை அதனுடனேயே திரியும். ஆகவே பெண் கோவாலா ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது என்றால், அதன் பையிலோ அருகிலுள்ள புதரிலோ குட்டி ஒன்று உயிருடன் இருக்கக்கூடும் என்று நினைத்துத்தான் தேட வேண்டும்.

தாய் சாவதற்குக் காரணங்கள் பல. காடு துண்டு துண்டாக வெட்டப்பட்டதால், ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகக் கோவாலா தரையிறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. மரத்தில் அசைக்க முடியாத அந்த விலங்கு, தரையில் வாகனத்துக்கும் வீட்டு நாய்க்கும் எளிதில் இரையாகிவிடுகிறது. கிளமிடியா என்னும் நோய் பல பகுதிகளில் பரவி, கண்ணையும் சிறுநீர்ப் பாதையையும் இனப்பெருக்க உறுப்புகளையும் கெடுக்கிறது. காட்டுத்தீ வேறு. 2019–2020 கோடையில் கங்காரு தீவின் ஏறக்குறைய பாதி எரிந்தது. அங்கே மட்டும் மாண்ட கோவாலாக்கள் பல்லாயிரம். 2022 பிப்ரவரியில் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆகியவற்றின் கோவாலாக்களை ஆஸ்திரேலிய அரசு ‘அழியும் ஆபத்தில் உள்ளவை’ என்னும் பட்டியலில் சேர்த்தது. இதே குவீன்ஸ்லாந்தில்தான் 1927ஆம் ஆண்டு அரசு அனுமதியுடனே ஒரே வேட்டைப் பருவத்தில் தோலுக்காக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோவாலாக்கள் கொல்லப்பட்டன என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: சாலையில் இறந்துகிடந்த தாயின் பையிலிருந்து ஒருவர் குட்டியை இழுத்தெடுத்து மார்போடு அணைத்துக்கொள்ளும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். நல்ல மனிதர் என்று தோன்றியது. அவர் செய்தது சரியா?
(லாரி ஓட்டுநர், தாப்பா)

வண்டியை நிறுத்தி இறங்கினாரே, அது சரி, ஐயா. நிற்காமல் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இழுத்தது தவறு. பையில் இருக்கும் இளங்குட்டியின் வாய்க்குள் காம்பின் நுனி வீங்கி, பூட்டுப்போட்டதுபோல் இறுகியிருக்கும். இழுத்தால் பிஞ்சு வாய் கிழியும், தாடை சேதமாகும். அதற்குப் பிறகு எந்தப் பாலும் குடிக்க முடியாது. ஆகவே தாயின் உடலோடு சேர்த்தே விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். அதற்கும் வழியில்லை என்றால், பயிற்சி பெற்றவர் காம்பைத் தாயின் பக்கமாக வெட்டி, அந்தத் துண்டைக் குட்டியின் வாயிலேயே விட்டுவைப்பார். குட்டி தானாக விடும்போது விடட்டும்.

உரோமம் முளைத்துக் காம்பை விட்டுவிட்ட பெரிய குட்டியாக இருந்தால், துணியில் சுற்றி, இருட்டான பெட்டியில் வைத்து, வானொலியை அணைத்துவிட்டு ஓட்டிப் போக வேண்டும். தடவிக் கொடுக்கக் கூடாது. நமக்குத் தடவுவது அன்பு. காட்டு விலங்குக்கு அது பிடிபட்டுவிட்டோம் என்ற பீதி. அந்தப் பீதியே சில குட்டிகளைக் கொன்றுவிடுகிறது. பெரிய கோவாலாவுக்கும் இதையொத்த ஒரு தீங்கைப் பலர் அறியாமல் செய்தார்கள். தீயில் தப்பியவற்றுக்குப் புட்டியைத் தூக்கிப் பிடித்து வாயில் தண்ணீர் ஊற்றியபோது, தலை பின்னால் சாய்ந்து, தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு தொப்பியிலோ கிண்ணத்திலோ ஊற்றிக் கீழே வைத்துவிட்டு விலகி நிற்பதே முறை.

கேள்வி: நான் தோட்டத்து ஆயக்கொட்டகையில் முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். தாய்மார் பால்வெட்டுக்குப் போனால் ஏணையில் கிடக்கும் பிள்ளைகள் எல்லாம் என் கையில்தான். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். தாயில்லாத அந்தக் குட்டிக்கு என்ன பால் கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள்? பசும்பாலா, மாவுப்பாலா?
(ஓய்வுபெற்ற ஆயா, பீடோர்)

அம்மா, நானும் ஆயக்கொட்டகையில் வளர்ந்த பிள்ளைதான். உங்களைப் போன்ற ஒருவரின் கையில் கிடந்தவள் என்பதால், இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் எழுதப் போகிறேன்.

பாலுக்கு முன்னால் சூடு. உடல் சில்லிட்டிருக்கும் குட்டியின் குடல் வேலை செய்வதில்லை. அந்நேரத்தில் பால் கொடுத்தால் அது செரிக்காமல் தங்கிப் புளிக்கும், அல்லது மூச்சுக்குழலுக்குள் போகும். ஆகவே முதலில் துணிப்பையில் இட்டு, உரோமம் முளைக்காத குட்டியானால் ஏறக்குறைய 32 பாகையிலும், முளைத்ததானால் அதைவிடச் சற்றுக் குறைவாக 28 பாகையை ஒட்டியும் இளஞ்சூட்டில் வைப்போம். அந்தப் பையைத் தொங்கவிடுவதைப் பார்த்தபோதெல்லாம் எனக்குக் கைலியில் கட்டிய நம் ஏணைதான் நினைவுக்கு வந்தது.

பசும்பால் கூடாது. அதிலுள்ள பால்சர்க்கரையை இந்தப் பைவிலங்குகளின் குடல் உடைக்க முடியாமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். ஐந்நூறு கிராம்கூட இல்லாத உடலுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கே போதும். மனிதக் குழந்தைக்கான மாவுப்பாலும் அதே காரணத்தால் ஆகாது. பைவிலங்குகளுக்கென்றே பால்சர்க்கரை குறைத்துத் தயாரிக்கப்படும் மாவுகள் ஆஸ்திரேலியாவில் கிடைக்கின்றன, அவற்றிலும் குட்டியின் வயதுக்கேற்ப வகைகள் உண்டு. ஏனென்றால் இவ்விலங்குகளின் தாய்ப்பால், குட்டி வளர வளரத் தன் சத்தையே மாற்றிக்கொள்கிறது. கங்காருத் தாய் ஒன்று, பைக்குள் இருக்கும் பச்சைக் குட்டிக்கு ஒரு காம்பிலும், வெளியே துள்ளித் திரியும் மூத்த குட்டிக்கு இன்னொரு காம்பிலும், இரு வேறு பாலை ஒரே நேரத்தில் சுரக்கும் என்றால் நம்புவீர்களா? அத்தனை நுட்பமான ஒன்றுக்குப் பதிலாகத்தான் நாம் தகர டப்பாவைத் திறக்கிறோம் என்ற அடக்கம், அந்த வேலையில் இறங்குகிற எவருக்கும் வேண்டும்.

கொடுக்கும் விதமும் முக்கியம். நம் பிள்ளையைப் போல மல்லாக்கக் கிடத்தக் கூடாது. நிமிர்ந்து எதையாவது பற்றிக்கொண்டிருக்கும் நிலையில், ஊசியில்லாத பீச்சுகுழலாலோ நீண்ட சிறு காம்பாலோ துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை அழுகை முடிவு செய்வதில்லை, தராசு முடிவு செய்கிறது. நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் நிறுத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுவோம். பால் கொடுத்தபின், தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக, ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்துச் சிறுநீரும் மலமும் கழிக்கச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அது கழிக்காது. இவை அனைத்தையும் கூடுமானவரை ஒரே ஆள் செய்ய வேண்டும். கைமாற்றிக் கைமாற்றித் தூக்கினால் குட்டி கலங்கிப் போகும். எந்நேரமும் தாயைப் பற்றியிருந்த உயிர் என்பதால், பற்றிக்கொள்வதற்குப் பஞ்சு பொம்மை ஒன்றைக் கொடுப்போம். பத்திரிகைகளில் வரும் அந்த அழகான படங்கள், உண்மையில் ஒரு குட்டி தன் தாயின் முதுகைத் தேடிக்கொண்டிருக்கும் படங்கள்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. பால் மட்டும் கொடுத்து ஒரு கோவாலாவை வளர்த்துவிட முடியாது. நம் ஊரில் பிள்ளை பிறந்ததும் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் சேனை வைக்கிறாரே, அதுபோல ஒன்றைக் கோவாலாத் தாயே தன் குட்டிக்கு வைக்கிறது. குட்டிக்கு ஐந்தரை, ஆறு மாதம் ஆகும்போது, வழக்கமான புழுக்கையைப் போலில்லாத, மென்மையான, பச்சை நிறமான ஒரு மலத்தைத் தாய் வெளிவிடும். குட்டி பையிலிருந்து தலையை நீட்டி அதை உண்ணும். கோவாலாவின் பை வாய் கங்காருவினுடையதைப் போல மேல்நோக்கி இல்லாமல் கீழ்ப்புறமாகச் சாய்ந்திருப்பதால் அதற்கு எளிதாக எட்டும். முகம் சுளிக்க வேண்டாம், அம்மா. யூகலிப்டஸ் இலையில் நார் அதிகம், புரதம் குறைவு, நஞ்சும் உண்டு. அதைச் செரிப்பதற்கென்றே கோவாலாவின் குருட்டுக்குடல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது. அதற்குள் குடியிருந்து வேலை செய்வன நுண்ணுயிர்கள். அந்த நுண்ணுயிர்கள் குட்டிக்குப் பிறவியில் வருவதில்லை. தாயின் சேனையில்தான் வருகின்றன.

தாய் இறந்துவிட்டால்? நோயில்லை என்று பரிசோதிக்கப்பட்ட வேறொரு கோவாலாவின் புதிய மலத்தைக் கரைத்து, வடிகட்டி, சிறிது சிறிதாகக் குட்டிக்குக் கொடுக்க வேண்டும். பரிசோதனையை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிளமிடியாவும் இதே வழியில் தொற்றக்கூடும்.

என் அனுபவத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பொறுப்பில் இருந்த ஒரு பெண்குட்டி நன்றாகப் பால் குடித்தது, எடை ஏறியது, நான் நிம்மதியாக இருந்தேன். அதன் வயதை நான் குறைவாகக் கணித்திருந்ததால், சேனை கொடுக்க வேண்டிய வாரங்களைத் தவறவிட்டு, தாமதமாகத் தொடங்கினேன். இலையைக் கடித்தது, மென்றது, ஆனால் உடல் தேறவில்லை. நோட்டில் எண்கள் நாளுக்கு நாள் இறங்கின. பதினேழாவது நாள் அது இறந்தது. கணக்கில் பிழை செய்தது நான். அதன்பிறகு வந்த ஒவ்வொரு குட்டிக்கும், பல்லையும் தலையளவையும் பாதத்தின் நீளத்தையும் இன்னொருவரைக் கொண்டு மறுபடி அளந்து பார்க்காமல் வயதை நான் எழுதியதே இல்லை.

பிறகு இலை. யூகலிப்டஸில் 700 வகை இருக்கும். கோவாலா உண்பவை சில டஜன், அதிலும் ஒரு பகுதியில் வாழும் கோவாலா விரும்பி உண்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எந்த மரம், எந்தக் கொழுந்து என்பதைக் குட்டி தாயின் முதுகிலிருந்து முகர்ந்து பழகுகிறது. அந்தப் பாடத்தை நாம் நடத்த வேண்டுமானால், குட்டியின் தாய் வாழ்ந்த இடத்திலுள்ள மரங்களிலிருந்தே நாள்தோறும் புதிய கிளைகளை வெட்டி வந்து, தண்ணீரில் நிறுத்தி, பல வகைகளையும் அதன் முன்னால் வைக்க வேண்டும். பால் கலக்கியதைவிட இலை வெட்டி அலைந்த நேரமே எனக்கு அதிகம்.

கேள்வி: நான் தையல் கடை வைத்திருக்கிறேன். குட்டிகளுக்கான துணிப்பைகளை இங்கிருந்து தைத்து அனுப்பலாமா?
(வாசகி, தெலுக் இந்தான்)

2019, 2020 காட்டுத்தீயின்போது உலகின் பல நாடுகளிலிருந்து பெண்கள் தைத்தும் பின்னியும் அனுப்பிய பைகள் மலைபோல் குவிந்தன. தேவை அப்போதே நிறைந்துவிட்டது. ஆகவே கேட்டுக்கொள்ளப்பட்டாலன்றி அனுப்ப வேண்டாம். தைப்பதாக இருந்தால் உட்புறம் பருத்தியாக இருக்கட்டும், தையல் வெளிப்புறம் வரட்டும், நூல் பிசிறு எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிசிறில் நகம் சிக்கி விரல் வீங்கும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பழைய செம்பனையை அழித்து மறுநடவு செய்தபோது, ஓரத்துக் காட்டு மரங்களும் விழுந்தன. அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு லோத்தோங் குரங்குக் குட்டி தனியாகக் கிடந்தது. பிள்ளைகள் எடுத்துவந்தார்கள். கெட்டிப்பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் செத்துவிட்டது. என் மகள் இன்னும் அழுகிறாள். உங்கள் பத்தியைப் படித்ததிலிருந்து நாங்கள்தான் கொன்றுவிட்டோமோ என்று எனக்கு இருக்கிறது.
(வாசகர், சுங்காய் வட்டாரத் தோட்டம்)

ஐயா, உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தாலும் தாய் திரும்பி வராத நிலையில் அந்தக் குட்டி பிழைத்திருக்க முடியாது. மகளிடம் அதை முதலில் சொல்லுங்கள். அதே நேரத்தில், கெட்டிப்பால் அதற்கு உதவவில்லை என்பதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அதிலுள்ள சர்க்கரை மிக அதிகம். குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்து உடல் நீர் வற்றியிருக்கும். மல்லாக்கப் பிடித்துக் கொடுத்திருந்தால் பால் நுரையீரலுக்கும் போயிருக்கலாம்.

லோத்தோங்கைக் கோவாலாவின் தூரத்து உறவென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வயிற்றைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. இதுவும் இலை தின்னும் விலங்கு. பல அறைகளுள்ள இரைப்பையில் நுண்ணுயிர்களைக் குடிவைத்துத்தான் இலையைச் செரிக்கிறது. அதனால்தான் கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக்குப் போகும்போது, அங்குள்ள லோத்தோங்குகளுக்கு ரொட்டியும் இனிப்பும் நீட்டுவோரைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

இனி இப்படி ஒன்று நேர்ந்தால், முதலில் சற்றுத் தள்ளி நின்று ஒன்றிரண்டு மணி நேரம் பாருங்கள். கூட்டம் அருகிலிருந்தால் தாய் திரும்ப வந்து எடுத்துக்கொள்ளக்கூடும். உடனே மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். தாய் வரவில்லையென்றால், அல்லது குட்டிக்குக் காயம் இருந்தால், துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, சுடுதண்ணீர் நிரப்பிய புட்டியைத் துணியால் பொதிந்து அதன் அருகில் வையுங்கள். பாலோ பழமோ கொடுக்காமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை அழையுங்கள். அத்துறையின் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் உங்கள் சுங்காயிலேயே இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதால் பலர் அழைக்கவே பயப்படுகிறார்கள்; எடுத்த உடனே தெரிவிக்கிறவர் அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலும் உரிமமும் பயிற்சியும் இல்லாதவர் கோவாலாக் குட்டியை வளர்க்கச் சட்டம் இடம்கொடுப்பதில்லை.

கேள்வி: நம் நாட்டிலும் யூகலிப்டஸ் நடுகிறார்களே, இங்கேயே கோவாலாவை வளர்க்க முடியாதா?
(இடைநிலைப் பள்ளி மாணவர், பீடோர்)

வணிகத்துக்காக நடப்படும் மரமும் கோவாலா விரும்பும் மரமும் ஒன்றாக இருந்தாக வேண்டியதில்லை, தம்பி. 2015இல் சிங்கப்பூருக்கு நான்கு கோவாலாக்கள் சில மாத விருந்தாளிகளாக வந்தபோது, அவற்றுக்கான இலை ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலேயே கூட அவற்றைச் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை.

கேள்வி: இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஆயக்கொட்டகைப் பிள்ளைகள் சாயங்காலம் தாயிடம் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் மறுபடி வருவார்கள். நீங்கள் வளர்த்ததைக் காட்டில் விட்டுவிட்டால் திரும்ப வராதே. எப்படி விட மனம் வந்தது?
(மேலே எழுதிய அதே ஆயா)

விடுவது ஒரே நாளில் நடப்பதில்லை, அம்மா. பால் குடிப்பது குறைந்து இலை தின்பது கூடியதும், என்னிடமிருந்து பிரித்து, வேறு குட்டிகளுடன் ஒரு பெரிய கூண்டில் விட்டுவிடுவார்கள். அதை அங்கே குழந்தைப் பள்ளி என்கிறார்கள். நான் மனத்துக்குள் ஆயக்கொட்டகை என்றே சொல்லிக்கொள்வேன். உள்ளே உயரமான மரக்கிளைகள், மழை, வெயில், காற்று எல்லாம் உண்டு. மனிதர் உள்ளே போவது இலை மாற்றவும் எடை பார்க்கவும் மட்டுமே. முதல் வாரங்களில் என் குரல் கேட்டால் இறங்கி வரப் பார்க்கும். அதனால் நான் போவதையே நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அது கடினமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதரைக் கண்டு இறங்கி வரும் கோவாலா, நாளைக்கு நாயைக் கண்டும் இறங்கி வரும்.

ஒரு வயது தாண்டி, மரமேறும் வலுவும் இலை தேர்ந்துண்ணும் பழக்கமும் வந்துவிட்டன என்று மருத்துவர் ஒப்புக்கொண்டபின், தாய் கண்டெடுக்கப்பட்ட இடத்துக்கு அருகில், சாலைக்குத் தள்ளி, அந்தி சாயும் நேரத்தில் ஒரு மரத்தடியில் கூடையைத் திறப்போம். சிலவற்றுக்குக் கழுத்தில் ஒலிபரப்புக் கருவியுள்ள பட்டை கட்டி, சில மாதங்கள் தொடர்ந்து பார்ப்பதும் உண்டு.

நான் வளர்த்த ஆண்குட்டி ஒன்று டாலோவுட் என்னும் மரத்தின் இலையை எத்தனை நாள் வைத்தாலும் தொடாது. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காகவே நான் எத்தனையோ காலைகளில் கூடுதலாக மூன்று கிலோமீட்டர் நடந்து வேறு இலை வெட்டி வந்திருக்கிறேன். விட்டு ஆறு வாரம் கழித்து, கருவியின் ஒலியைத் தொடர்ந்து போனவர்களுடன் நானும் போனேன். இருபது மீட்டர் உயரத்தில், கிளைக் கவட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்த மரம் டாலோவுட். ஒரு கையால் கிளையை வளைத்துப் பிடித்து அதன் இலையைத் தின்றுகொண்டிருந்தது.